ஊர்ச் சிக்கலைத் தீர்க்கவே தொழில் தொடங்குவது சமூகத் தொழில்முனைவு. மாணவர்களை அதில் இறக்குவது எது? சில அனுபவங்கள்

மண்டபம் ஆசிரியை:
2006-இல் மைர், நொபோவா என்ற ஆய்வாளர்கள் நான்கு காரணங்களைச் சொன்னார்கள்: பிறர் துயரை உணர்வது, அறக்கடமை, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை, சுற்றியிருப்போர் ஆதரவு. 2017-இல் ஹோக்கெர்ட்ஸ் என்ற ஆய்வாளர் இன்னொன்றைச் சேர்த்தார்: அந்தச் சிக்கலோடு முன்பே பழகிய அனுபவம். அந்த அனுபவம்தான் நம்பிக்கையை வளர்க்கிறது என்பது அவர் கண்டது. என் வகுப்பில் நான் பார்த்ததும் அதுவே.

பாம்பன் பக்கத்து மாணவி ஒருத்தி. அவளுடைய அம்மா விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலில் மூழ்கி, பாறையில் ஒட்டிய மரிக்கொழுந்துப் பாசி பறிப்பவர். கரையில் வியாபாரி மணல், ஈரம் என்று சொல்லி எடையைக் கழிப்பார். எவ்வளவு கழிப்பது என்பது அவர் வாய்க்கு வந்ததுதான். இவள் முதலில் வாங்கியது ஒரு தராசு. பாசியை மணலில் பரப்பாமல் உயரக் கட்டிய வலையில் காயவைத்து, உதறி, வீட்டிலேயே நிறுத்துச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். பக்கத்து வீட்டு அக்காமார்கள் தங்கள் பாசியையும் கொண்டுவந்தார்கள். இப்போது சேர்த்து விற்கிறார்கள். "சமூகத் தொழில்முனைவோர்" என்று நான் அறிமுகப்படுத்தியபோது, "தராசு வாங்கினேன், அவ்வளவுதான் மேடம்" என்றாள்.

ராமேசுவரம் வாசி:
சமூகத் தொழில் போட்டிக்காக வருகிற கல்லூரிக் குழுக்களும் உண்டு. படகோடு படம் எடுப்பார்கள், சான்றிதழ் கிடைத்ததும் காணாமல் போவார்கள். எனக்குக் கோபம் இல்லை. இரக்கம் மட்டும் இருந்தால் முயற்சி மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாட்களைக்கூடத் தாண்டாது.

சாயல்குடிக்காரன்:
என்னை இறக்கியது இரக்கமே அல்ல ஐயா, எரிச்சல். சீனி கலந்த கருப்பட்டியும் எங்கள் ஊர்ப் பனையேறிகளின் சுத்தக் கருப்பட்டியும் கடையில் ஒரே விலை! அதனால் அந்தச் சுத்தக் கருப்பட்டியை நானே விற்கத் தொடங்கினேன். "பனங்காட்டுக்குத் திரும்பவா உன்னைப் படிக்க வைத்தோம்?" என்று கேட்டுவிட்டு அப்பா என்னோடு பேசாமலே இருந்தார். பதநீர்ப் பருவம் முடிந்த பிறகும் ஆர்டர் வந்தது. சரக்கு இல்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, அடுத்த ஆண்டுக்கு முன்பணம் வாங்கச் சொன்னவர் அதே அப்பாதான். வாங்கினேன். அந்தப் பணம் பனையேறிகளுக்கே முன்தொகையாகப் போனது. வியாபாரியிடம் கடன் வாங்கி அவன் சொன்ன விலைக்கே கருப்பட்டியைக் கொடுக்கும் நிலை, நான்கைந்து குடும்பங்களுக்காவது இந்தப் பருவத்தில் இல்லை.