சர்வரோடு இணைகிறது, ஆனால் ஆவணம் காலி: ஒய்ஜேஎஸ் தெரிந்தவர்கள் உதவ முடியுமா?

பலர் ஒரே நேரத்தில் எழுதும் எடிட்டர் ஒன்றை ஒய்ஜேஎஸ் (பலரின் திருத்தங்களை ஒன்றிணைக்கும் நிரலகம்), ஒய்-வெப்சாக்கெட் (அதைச் சர்வரோடு இணைக்கும் பகுதி) கொண்டு நடத்துகிறோம். பிரவுசரில் எந்தக் குறையும் இல்லை. இரவில் ஆவணங்களைப் படித்துக் காப்பு எடுக்க நோட் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் நோட்.ஜேஎஸ்) நிரல் ஒன்று எழுதினேன். அதில்தான் சிக்கல்.

நோட் நிரல் சர்வரின் 1234 போர்ட்டுக்கு நேராகப் போகிறது. ஹேண்ட்ஷேக்கில் 101 (இணைப்பை ஏற்றதற்கான பதில்) கிடைக்கிறது, சிங்க், அதாவது ஆவணத்தைச் சர்வரோடு ஒத்திசைப்பது, முடிந்ததாகவும் நிகழ்வு வருகிறது. ஆனால் ஆவணத்தில் ஒரு எழுத்துகூட இல்லை. அப்புறம் இப்போது யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று காட்டும் அவேர்னஸ் பட்டியலைப் பார்த்தால், பிரவுசரில் பலர் எழுதிக்கொண்டிருக்கும்போதும் என் நிரல் மட்டுமே இருக்கிறது.

அதனால் நிரலும் பிரவுசரும் வேறு வேறு அறையில் (ஒரே ஆவணத்தைப் பகிர்பவர்கள் சேரும் இடம்) இருப்பதாகவே நினைக்கிறேன். அந்தச் சர்வர் யூஆர்எல்லின் பாதையைத்தான் அறைப் பெயராக எடுத்துக்கொள்கிறது. கேட்ட பெயரில் அறை இல்லையென்றால் பிழை காட்டாமல் புதிதாகக் காலி அறையைத் திறந்துவிடும். பிரவுசரோ என்ஜின்எக்ஸ் (கோரிக்கைகளை வாங்கிச் சர்வருக்கு அனுப்பும் இடைநிலை மென்பொருள்) வழியாக வருகிறது. அங்கே பாதையின் முன்பகுதி வெட்டப்படாமல் அப்படியே போனால் அறைப் பெயரே மாறிவிடும், இல்லையா?

என்ஜின்எக்ஸ் அமைப்பைப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை. சர்வர் நினைவில் இப்போது திறந்திருக்கும் ஆவணங்களின் பெயர்களை, அதை நிறுத்தாமல் பட்டியலிட வழி உண்டா? இல்லை, நிரலையும் பிரவுசர் வரும் அதே முகவரி வழியாக அனுப்புவதுதான் சரியா? டோக்கன் (அனுமதிச் சான்று) யூஆர்எல்லிலேயே போவதால் அதில் தடை இருக்காது.

அடுத்த கட்டமாக இதே நிரல் ஆவணத்தில் எழுதவும் வேண்டும். காலி என்று நம்பி ஆரம்ப உள்ளடக்கத்தைச் சேர்த்து, பிறகு உண்மையான ஆவணத்தோடு அது இணைந்தால் எல்லாம் இரட்டிப்பாகிவிடும். மற்றவர்கள் உழைத்து எழுதியது அது. அதனால் உறுதியாகத் தெரியாமல் எழுதும் பகுதியைத் தொட மாட்டேன். இதைக் கையாண்டவர்கள் சொல்லுங்கள், மிக்க நன்றி.