கே.ஈ.70க்கு 4ஏ-ஜீ.ஈ ஏற்றிய அனுபவம்

எஞ்சின் மாற்றுவதென்றால் பழையதை இறக்கிப் புதியதை ஏற்றுவதுதானே என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னுடையது 1982 கொரோலா, கே.ஈ.70 செடான். அதில் வந்த 4கே எஞ்சின் 1290 சீசீ, கார்புரேற்றர், எத்தனை வருசம் போனாலும் உழைக்கும், ஆனால் ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறச் சொன்னால் மூச்சு வாங்கும்.

முதலில் டிங்கர் வேலை. பெடலுக்குக் கீழே கம்பளத்தைத் தூக்கினால் தகடே இல்லை, கறள்தான். முன் கண்ணாடி ரப்பர் வழியாக இறங்கிய தண்ணீர் தின்றிருக்கிறது. அதை வெட்டிப் புதுத் தகடு ஒட்டாமல் பெரிய எஞ்சினைப் பற்றி யோசிக்கவே கூடாது.

4ஏ-ஜீ.ஈ என்பது கார்புரேற்றருக்குப் பதில் இன்ஜெக்‌ஷன் உள்ள டொயோட்டாவின் 1.6 லீற்றர் எஞ்சின். அதைத் தேர்ந்ததற்குக் காரணம், இந்த உடலமைப்பும் அந்த எஞ்சினோடு வந்த பின்சக்கர இழுவைக் கொரோலாவான ஏ.ஈ.86ம் அடியில் ஏறக்குறைய ஒன்றுதான். ஏ.ஈ.86இல் எஞ்சினைத் தாங்கும் முன் குறுக்குச் சட்டம் அப்படியே பூட்டுப்படும், எஞ்சின் மவுண்ட் தானாக இடத்தில் வந்து உட்காரும். கியர் பொக்ஸ் டி50. இந்த இரண்டும் கையில் வந்த பிறகே எஞ்சினுக்குக் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைப் பக்கம் போங்கள், ஏனென்றால் எஞ்சினைவிட இவைதான் கிடைப்பது கஷ்டம். அங்கே கிடைப்பது பெரும்பாலும் பின்னால் வந்த முன்சக்கர இழுவைக் கொரோலாவான ஏ.ஈ.92இல் குறுக்காக உட்கார்ந்திருந்த எஞ்சின். அதை நெடுக்காக வைத்ததும் தண்ணீர் வெளியேறும் வாய் எஞ்சினுக்கும் ஆட்கள் இருக்கும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகட்டை முட்டுகிற பக்கம் போய்விடும், அதை அடைத்து முன்பக்கம் கொண்டுவர வேண்டும். வயரிங்கும் நீளம் போதாது. எஞ்சினை இயக்கும் கொம்பியூட்டரையும் வயர்க்கட்டையும் வெட்டாமல் சேர்த்தே வாங்குங்கள்.

இனிச் சொல்வதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். பெற்றோல் தாங்கி. கார்புரேற்றருக்குள் ஒரு சின்னக் கிண்ணம் பெற்றோல் எப்போதும் இருக்கும், வளைவில் தாங்கிக்குள் பெற்றோல் ஒரு பக்கம் ஒதுங்கினாலும் எஞ்சினுக்குத் தெரியாது. இன்ஜெக்‌ஷனில் அந்தக் கிண்ணம் இல்லை, பம்ப் ஒரு நொடி காற்றை உறிஞ்சினாலே இழுவை அறுந்துவிடும். நண்பர் ஒருவரின் கார் கடுகண்ணாவ ஏற்றத்தில், தாங்கியில் கால்வாசி இருக்கும்போதே, ஒவ்வொரு வளைவிலும் திக்கியது, அவர் பிளக் மாற்றினார், கொயில் மாற்றினார், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு சின்ன இடைத் தாங்கி வைத்து, பழைய பம்ப் அதை நிரப்ப, அதிலிருந்து அழுத்தப் பம்ப் இழுத்து, மிச்சம் அதற்கே திரும்பி வரும்படி குழாய் போட்டதும் சரி. என் காரில் அதைத் தொடக்கத்திலேயே செய்துவிட்டேன்.

அப்புறம் பிரேக். பழைய முன் டிஸ்க் 4கேயின் வேகத்துக்கு அளந்தது. முன்பக்கம் பெரிய டிஸ்க் போடாமல் இந்த எஞ்சினை ரோட்டில் விடாதீர்கள், தயவுசெய்து.

எஞ்சின் வாங்கும்போதே பில்லையும் சுங்கப் பத்திரத்தின் பிரதியையும் கேட்டு வாங்கிவிடுங்கள். புது எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய அவை தேவைப்படும், பிறகு தேடிப் போனால் கடைக்காரருக்கு உங்கள் முகமே ஞாபகம் இருக்காது.