மறுமொழி: ஓடுபாதையில் விலங்கு, பறவை – 'குறுக்குயிர்' எனலாமா?

அன்புள்ள நண்பர்களே,

ஓடுபாதையில் விமானத்துக்குக் குறுக்கே வரும் விலங்கு, பறவைகளால் நேரும் ஆபத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு, 'பறவை மோதல்' போதும் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். பெரிய விமானங்களுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். 2009இல் ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானத்தின் இரண்டு எஞ்சின்களையும் கெடுத்தவை கனடா வாத்துகள்தான். ஆனால் நாம் சொல் தேடுவது சிறு விமானம் ஓட்டுபவருக்கான கையேட்டுக்கு. அவருக்குத் தரையிலும் ஆபத்து இருக்கிறது.

அமெரிக்கச் சிற்றூர் விமானத்தளங்களைப் பாருங்கள். பல இடங்களில் முழு வேலி கிடையாது, கட்டுப்பாட்டுக் கோபுரமும் கிடையாது. ஓடுபாதையை ஒட்டிப் புல், அதை ஒட்டிக் காடு. இருட்டுகிற நேரத்தில் வெள்ளைவால் மான்கள் மேய வரும். செஸ்னா 172 என்ற சிறு விமானம் சுமார் 120 கி.மீ. வேகத்தில் இறங்கி வருகிறது. சக்கரம் தரையைத் தொட்டதும் மான் பாய்ந்தால் அடிபடுவது மூக்கில் சுழலும் ப்ரொப்பெல்லரும் ஒல்லியான முன்சக்கரக் காலும். மானைத் தவிர்க்கச் சட்டென்று திருப்பினால் விமானம் ஓடுபாதையை விட்டே போய்விடும். கென்யாவின் மசாய் மாராவில் விமானிகள் முதலில் தாழப் பறந்து வரிக்குதிரைகளை விரட்டிவிட்டு, ஒரு சுற்று வந்துதான் இறங்குவார்கள்.

சரி, 'விலங்கு மோதல்' என்று வைக்கலாமா? யானை ஊருக்குள் வருவதை 'மனித-விலங்கு மோதல்' என்று நாளிதழ்கள் எழுதிப் பழக்கிவிட்டன, குழப்பம் வரும். 'காட்டுயிர்' எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் 2014இல் சூரத்தில் புறப்பட ஓடிய ஜெட்டில் அடிபட்டது காட்டு விலங்கல்ல, எருமை!

'மோதல்' என்பதிலேயே எனக்கு ஒரு தயக்கம் உண்டு. நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் 2011 ஜூனில் முட்டையிடக் கிளம்பிய ஆமைகள் ஓடுபாதையைக் கடந்தன. விமானங்கள் தாமதமாயின. எதுவும் மோதவில்லை, ஆனாலும் அது பதிவேட்டில் ஏற வேண்டிய நிகழ்வு.

அதனால்தான் 'குறுக்குயிர்' என்கிறேன். வண்டி ஓட்டுகிற யாரும் 'மாடு குறுக்கே வந்துடுச்சு' என்றுதான் சொல்கிறோம். மான், நாய், ஆமை, பருந்து எல்லாம் இதில் அடங்கும். குறுக்குயிர் இடர், குறுக்குயிர் மோதல், குறுக்குயிர் வரவு என்று தனித்தனியாகப் பிரித்துச் சொல்லவும் முடிகிறது. 'குறுக்கு' என்பதை ஆங்கிலத்தின் 'கிராஸ்' போல எடுத்து, கலப்பின உயிர் என்று பொருள் கொள்வார்களோ என்று கேட்கலாம். அதற்குக் 'கலப்பினம்' நன்றாகவே ஊன்றிவிட்டது.

'வரவு' மட்டும் கணக்குப் புத்தகத்தை நினைவூட்டுகிறது. 'நுழைவு' மேலா? சொல்லுங்கள்.