ரத்தக் காட்டேரிக் காதல் கதையை நீங்கள் முதலில் சந்தித்தது எப்படி?

இரவுப்பறவை

நேற்று அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது பள்ளிக்கூடத்து நோட்டு ஒன்று கிடைத்தது. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் கார்மில்லா, மிர்கல்லா, மில்லார்கா என்று மூன்று பெயர்கள். அதற்குக் கீழே என் பெயரின் எழுத்துகளைக் கலைத்துக் கலைத்து அடுக்கிப் பார்த்த ஏழெட்டு வரிகள், ஒன்றுகூட மனுஷப் பெயர் மாதிரி வரவில்லை. அப்போது எனக்கு 16 வயது. அதைப் பார்த்ததும் உங்களிடம் கேட்கத் தோன்றியது: இரண்டு பெண்களோ இரண்டு பையன்களோ காதலிக்கிற, அதில் ஒருவருக்குக் கோரைப்பல் இருக்கிற கதை முதன்முதலில் உங்கள் கைக்கு எப்படி வந்தது?

நானே ஆரம்பிக்கிறேன். பேய்க்கதை என்று நினைத்துத்தான் எடுத்தேன். ஷெரிடன் லெ ஃபனு எழுதிய 'கார்மில்லா', 1872இல் முடிந்த தொடர்கதை, 'டிராகுலா' நாவல் வருவதற்கு 25 வருஷம் முன்பே. காட்டுக்கு நடுவில் ஒரு கோட்டை, அங்கே அப்பாவோடு இருக்கும் லாராவுக்கு 19 வயது, தன் வயதில் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. ஒரு நாள் கோட்டைக்கு முன்னால் வண்டி ஒன்று குடை சாய்கிறது, அதில் வந்த பெண்ணை இவர்களே பாவம் பார்த்து உள்ளே கூட்டிக்கொண்டு போகிறார்கள். அவள்தான் கார்மில்லா, அதே எழுத்துகளைக் கலைத்து அடுக்கி மிர்கல்லா, மில்லார்கா என்றும் பெயர் வைத்துக்கொள்கிறவள். அவள் நெருங்கி வரும்போது தனக்கு ஈர்ப்பும் அருவருப்பும் ஒன்றாக வருவதாக லாரா எழுதுகிறாள். எனக்கு அந்தப் பக்கத்தில் அருவருப்பு வரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

பல்லைப் பார்த்தெல்லாம் பயப்படவில்லை. கடைசியில் பெரிய மனிதர்கள் எல்லாரும் சேர்ந்து போய்க் கல்லறையைத் திறந்து, நெஞ்சில் மர ஆப்பு அடித்து, தலையை வெட்டி, எரித்து, சாம்பலை ஆற்றில் கரைத்துவிடுகிறார்கள். லாரா அங்கே இல்லை. விசாரணைக் குழுவின் அறிக்கை ஒன்று அவளிடம் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் நமக்குச் சொல்கிறாள். தன்மேல் உயிராக இருந்தவளுக்கு என்ன ஆனது என்பது ஒரு அரசாங்கக் காகிதத்தில் இருக்கிறது, யோசித்துப் பாருங்கள். அதைப் படித்த மறுநாள் வகுப்பில் பக்கத்தில் உட்காரும் தோழியோடு நான் பேசவில்லை. அவளுக்குக் காரணம் இன்றுவரை தெரியாது.

அம்மா "என்ன படிக்கிறே?" என்று கேட்டபோது மறைக்காமல் கதையைச் சொன்னேன், ஆனால் இப்படி: "ராத்திரி ஒருத்தங்க வராங்க, அவங்களுக்கு இந்தப் பொண்ணைப் பிடிச்சுப் போயிடுது." அவங்க என்று ஒரு சொல் தமிழில் இருப்பது எவ்வளவு பெரிய வசதி! ஆணா பெண்ணா, ஒருத்தரா நாலு பேரா, எதுவும் தெரியாது. கதை முழுவதையும் அவங்க போட்டே ஓட்டிவிட்டேன்.

சரி, உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

கடைசி பெஞ்ச்

எனக்கு ரெயின்போ ரோவெலின் 'கேரி ஆன்'. 2015இல் வந்த இளையோர் நாவல், எனக்குக் கிடைத்தது அதற்கு ரொம்ப நாள் கழித்து, அட்டை கிழிந்த பிரதி. மந்திரப் பள்ளியில் ஒரே அறையில் தங்கும் இரண்டு பையன்கள், சைமனும் பாஸும். பாஸ் ஒரு ரத்தக் காட்டேரி என்று சைமனுக்குச் சந்தேகம், அதனால் இருபத்து நாலு மணி நேரமும் அவன் மேலேயே கண். எங்கே போனான், என்ன சாப்பிட்டான், ஏன் இன்னும் வரவில்லை. வெறுப்பாம்!

எனக்கும் வகுப்பில் ஒருத்தன் மேல் அதே மாதிரி "வெறுப்பு" இருந்தது. அவன் என்ன சட்டை போட்டான், யாரோடு சிரித்தான் என்று வீட்டில் வந்து தினமும் புகார் வாசிப்பேன். "அண்ணா, உனக்குப் பிடிக்காதவங்க வேற யாருமே இல்லையா?" என்று தங்கச்சி ஒரு நாள் கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள், எனக்குத்தான் காது சூடாகிவிட்டது. அந்த வாரம்தான் இந்தப் புத்தகம் கையில் இருந்தது. சைமன் மாதிரி மக்கு உலகத்தில் இல்லை என்று திட்டிக்கொண்டே படித்தவன், பாதியில் நிறுத்தி, நான் யாரைத் திட்டுகிறேன் என்று யோசித்தேன்.

அதில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. பாஸ் அடுத்தவர் முன்னால் சாப்பிடக் கூசுவான், சாப்பிடும்போது பல் தானாக வெளியே வந்துவிடும். பெரிய மந்திரச் சண்டை எல்லாம் மறந்துவிட்டது, இது மட்டும் மறக்கவில்லை. ஏனென்றால் நான் பேசும்போது கை ரொம்ப ஆடும், அதை வைத்து வகுப்பில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு (இங்கே எழுத மாட்டேன்). இரண்டு வருஷம் பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டேதான் பேசினேன். வாய்ப்பாடு ஒப்பிக்கும்போதுகூட. பாக்கெட் தையல் விட்டுப்போய் அம்மா திட்டுவார்கள்.

இப்போது கை தாராளமாக ஆடுகிறது. அவன் வேறு ஊருக்குப் போய்விட்டான், கதை அவ்வளவுதான்.

மை தீர்ந்த பேனா

எனக்குப் புத்தகமே இல்லை, யூடியூப். 2014இல் 'கார்மில்லா'வை இன்றைய கல்லூரி விடுதிக்குக் கொண்டுவந்து குட்டிக் குட்டிப் பகுதிகளாக எடுத்தார்கள். கேமரா பெரும்பாலும் ஒரே இடத்தில், ஒரே அறை, லாரா உட்கார்ந்து நம்மைப் பார்த்துப் பேசுவாள், பின்னால் கட்டிலில் கார்மில்லா முறைத்துக்கொண்டு படுத்திருப்பாள். இங்கே அவளை ஆப்பு அடித்து முடிக்கவும் இல்லை, அறிக்கையும் இல்லை. அதற்குப் பணம் போட்டது ஒரு நாப்கின் நிறுவனம். ரத்தக் காட்டேரித் தொடருக்கு நாப்கின் விளம்பரம்! யார் மூளையில் உதித்ததோ, அவருக்கு ஒரு கோயில் கட்டலாம்.

இயர்போனில் ஒரு காதை மட்டும் மாட்டிக்கொண்டு பார்ப்பேன், இன்னொரு காது யாராவது வருகிறார்களா என்று கதவுப் பக்கம். அதனால் இன்றைக்கும் அந்தத் தொடரின் வசனங்கள் எனக்கு வலது காதில்தான் கேட்கின்றன.

சும்மா வாசிப்பவன்

எல்லாரும் உருகுகிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன், கோபிக்க வேண்டாம்.

நானும் குயர்தான், அதாவது ஆண்-பெண் காதல் என்கிற வழக்கத்துக்குள் அடங்காதவன், இந்த வகைக் கதைகள் ஒரு பத்துப் பன்னிரண்டு படித்திருப்பேன். இரண்டு விஷயம் நெருடுகிறது. ஒன்று, முந்நூறு வயது ஆள் பதினேழு வயதுப் பிள்ளையிடம் "உன்னைப் போல் யாரையும் பார்த்ததில்லை" என்கிறார். முந்நூறு வருஷமாக என்ன செய்துகொண்டிருந்தீர்கள் ஐயா? எனக்கு 17 வயதில் என்னைவிட ரொம்பப் பெரியவர் ஒருவர் இதே வசனத்தைச் சொன்னார். நான் கதைகளில் படித்துப் பழகியிருந்ததால் அது காதல் என்று நினைத்தேன். நல்லவேளை, ஒரு நண்பன் குறுக்கே வந்து நின்றான். இரண்டாவது, ஏன் எப்போதும் நாம்தான் பேய்? கண்ணாடியில் தெரியாதவன், வெயிலில் வர முடியாதவன், வீட்டுக்குள் விடக் கூடாதவன்.

2020இல் வந்த 'ஃபர்ஸ்ட் கில்' சிறுகதை இதில் தேவலாம். வி. இ. ஷ்வாப் எழுதியது, காட்டேரிப் பெண்ணும் காட்டேரி வேட்டைக்காரக் குடும்பத்துப் பெண்ணும், இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு. யார் யாரைக் கொல்வது என்பது இரு பக்கமும் சமம். அது 2022இல் தொடராக வந்தது, 8 பகுதி, ஒரே சீசனோடு நிறுத்திவிட்டார்கள். சாகாவரம் பெற்றவர்களுக்கே இங்கே ஆயுசு எட்டுப் பகுதிதான்.

இரவுப்பறவை

@சும்மா வாசிப்பவன், வயது விஷயத்தில் உங்களோடு சண்டை போட மாட்டேன், அந்த நண்பருக்கு நன்றி சொல்லுங்கள்.

பேய் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பேசுகிறேன். நீங்கள் சொன்ன விதிகள் ஒன்றும் வேதம் இல்லை. 1897 டிராகுலா பகலில் ஊர் சுற்றுவார், சக்தி குறையும், அவ்வளவுதான். வெயில் பட்டால் அழிவது 1922இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' மௌனப் படத்திலிருந்து பிடித்துக்கொண்டது. எழுதுகிறவர் வேண்டியதை வைத்துக்கொள்கிறார், வேண்டாததைக் கழற்றிவிடுகிறார். எனக்குப் பிடித்த விதி வாசல் விதி: வீட்டு ஆள் யாராவது முதல் தடவை அழைத்தால்தான் உள்ளே வர முடியும். அதுவும் டிராகுலாவில் இருப்பதுதான், அங்கே ஒரு எச்சரிக்கையாக. இப்போது எழுதுகிறவர்கள் அதையே காதலாக மாற்றுகிறார்கள். கதவு திறந்துதான் இருக்கிறது, பல்லும் பலமும் இருக்கிறது, ஆனாலும் அவள் நிலைப்படிக்கு வெளியே நின்று "வரட்டுமா?" என்கிறாள். 16 வயதில் என்னிடம் யாரும் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. தோழிகள்கூட என் டயரியைக் கேட்காமல்தான் பிரித்தார்கள்.

சும்மா வாசிப்பவன்

உங்கள் கார்மில்லா எந்த அனுமதியும் கேட்கவில்லையே? வண்டியைக் கவிழ்த்து நாடகம் ஆடித்தானே உள்ளே வந்தாள்.

இரவுப்பறவை

ஆமாம். தப்புதான். அவளுக்கு மட்டும் எனக்கு நியாயம் பேசத் தெரியவில்லை, விட்டுவிடுங்கள்.

அம்மாவும் வாசிப்பாள்

நான் இங்கே எழுதலாமா தெரியவில்லை, நான் உங்கள் வயது இல்லை. என் மகளுக்கு 15. மூன்று வாரமாக ஒரு புத்தகத்தைக் கவிழ்த்தே வைக்கிறாள், அட்டை மேலே தெரியாமல். என்ன கதை என்று கேட்டேன். "ரெண்டு பேர், அதுல ஒருத்தங்க காட்டேரி, அவங்களுக்கு இவளைப் பிடிக்கும்" என்றாள். மூன்றாவது அவங்க வரும்போது எனக்கு விளங்கிவிட்டது. இரவுப்பறவை, உங்கள் அம்மாவுக்கும் விளங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். காதலனாக இருந்தால் அவன் என்று சொல்லியிருப்பாளே, காட்டேரிக்கு எதற்கு இவ்வளவு மரியாதை?

அவள் தூங்கியதும் எடுத்துப் படித்தேன். தப்பு என்று தெரியும், அதுவும் மேலே வாசல் விதியைப் படித்த பிறகு ரொம்பக் குத்துகிறது. நாலு ராத்திரியில் பதினொரு அத்தியாயம். இரண்டு பெண்கள், மொட்டைமாடியில் உட்கார்ந்து பேசுகிறார்கள், பேசுகிறார்கள், காட்டேரிப் பெண் தன் கை ஜில்லென்று இருக்கும் என்பதற்காகக் கையுறை போட்டுக்கொண்டு வருகிறாள். அந்த வரிக்குக் கீழே மகள் பென்சிலில் கோடு போட்டிருக்கிறாள், மெல்லிசாக, அழித்துவிடலாம் என்கிற மாதிரி. புத்தகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன், அவள் இங்கே வந்து கண்டுபிடித்துவிடுவாள்.

நான் படித்துவிட்டேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? சொல்லத்தான் வேண்டுமா?

கடைசி பெஞ்ச்

அம்மா, நேராகச் சொல்லாதீர்கள், உறைந்துபோய்விடுவாள். கதையைப் பற்றி மட்டும் ஒன்று கேளுங்கள். அவங்க என்று கேட்காதீர்கள்.

மை தீர்ந்த பேனா

என்ன ஆனது என்று கட்டாயம் வந்து எழுதுங்கள், நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மாவும் வாசிப்பாள்

கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தோம், முகத்தைப் பார்க்காமல், "அந்தக் காட்டேரிப் பொண்ணு கடைசியில பிழைச்சுக்குவாளா?" என்றேன்.

கையில் இருந்த போர்வையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரம். நான் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் கேட்டாள், "எத்தனாவது அத்தியாயம் வரைக்கும் படிச்சே?"