நன்னீர் வில்லையா, மிதநன்னீரா?
(இணையக் குழு ஒன்றில் கலைச்சொல் பற்றிய உரையாடல். எழுதுகிறவர்கள் புனைபெயரில்.)

வகுப்பறை:
நண்பர்களே, ஓர் அவசர உதவி. சுற்றுச்சூழல் சட்ட மாணவர்களுக்குத் தீவுகளின் நீர்வளம் பற்றிய பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். திங்கள் காலை கொடுத்தாக வேண்டும். ஃப்ரெஷ்வாட்டர் லென்ஸ் என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது. பவளத்தீவில் மண்ணுக்குள் இறங்கும் மழைநீர், அடர்த்தி குறைவு என்பதால் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறதே, அதுதான். பழைய வரைவில் ‘புதுநீர் லென்சு’ என்று இருக்கிறது. ஆற்றில் வெள்ளம் வந்த மாதிரி தொனிக்கிறது. ‘நன்னீர் வில்லை’ போடலாமா?

சட்டப்பை:
நன்னீர் சரி, வில்லை வேண்டாம். எங்கள் ஆட்களுக்கு வில்லை என்றால் மனுவில் ஒட்டும் நீதிமன்றக் கட்டண வில்லைதான். ‘நன்னீர் வில்லைகளைப் பாதுகாத்தல்’ என்று விதிக்குத் தலைப்பு வைத்தால் அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்வார்கள். மருந்துக்கடைக்காரர் தண்ணீரில் கரைக்கும் மாத்திரை என்பார்.

ஓலை:
வில்லை வில்லிலிருந்து வந்தது ஐயா. வில் + ஐ. இருபுறமும் வளைந்ததால் வில்லை. இதைவிடத் தெளிவான காரணப்பெயர் கிடைக்குமா?

நிலத்தடி:
ஓலை ஐயா மன்னிக்க வேண்டும். வட்டத் துண்டுக்குத் தெலுங்கில் பில்ல, கன்னடத்தில் பில்லெ. நம் வில்லையும் அந்த வீட்டுப் பிள்ளைதான் என்று நினைக்கிறேன். லென்ஸ் என்பதே லத்தீனில் ஒரு பருப்பின் பெயர். மூலத்துக்கு உண்மையாக இருப்பதென்றால் ‘நன்னீர்ப் பருப்பு’ என்றுதான் வைக்க வேண்டும்.

பொருளுக்கு வருவோம். கைபன், ஹெர்ஸ்பர்க் இருவர் பெயரில் வழங்கும் கணக்கு ஒன்று உண்டு. நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீர் 1.025. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 பங்கு நின்றால் கீழே 40 பங்கு தொங்கும். மேல்பக்கம் ஏறக்குறைய தட்டை, தொப்பை முழுவதும் அடியில். சட்டம் எழுதுகிறவர் கவனிக்க வேண்டியது இதைத்தான். கிணற்றில் நீர்மட்டம் 25 செ.மீ.தானே இறங்கியது என்று விட்டால், நாளடைவில் அடிவிளிம்பு 10 மீட்டர் மேலேறிவிடும். ஒரே இடத்தில் பம்பு வைத்து இழுத்தால் உப்புநீர் கூம்பாகக் கிளம்பி வரும்.

மணற்கேணி என்றதும் நம் எல்லாருக்கும் பள்ளியில் படித்தது நினைவுக்கு வரும். இங்கே அது தலைகீழ். தோண்டத் தோண்ட உப்பு. அதனால் வடிவத்தை விட்டுவிட்டு, ‘மிதநன்னீர்’ என்று நிலையைச் சொல்லலாம்.

சட்டப்பை:
மிதநன்னீர் என்றால் மிதமான நன்னீர் என்று படிப்பார்களே! ‘மிதவை நன்னீர்’ என்றால் குழப்பம் இல்லை. ஆனால் சொல் கொஞ்சம் கனக்க வேண்டும், விஷயம் சின்னதல்ல. 1982 கடல்சட்ட ஒப்பந்தத்தின் 121ஆம் உறுப்பைப் பாருங்கள். மனிதர் வாழ்வதற்கோ தனக்கென ஒரு பொருளாதார வாழ்வுக்கோ இடங்கொடுக்காத பாறைக்கு, 200 கடல்மைல் பொருளாதார மண்டலமும் இல்லை, கண்டத்திட்டு எனப்படும் கடலடி நிலமும் இல்லை. 12 மைல் ஆட்சிக்கடல், அதை ஒட்டிய வலயம், அதோடு சரி. 2016இல் தென்சீனக் கடல் வழக்கில் நடுவர் தீர்ப்பாயம் அந்தக் கடலில் உள்ள இட்டு அபா என்ற சிறு தீவில் குடிநீர் கிடைப்பதையும் எடைபோட்டுப் பார்த்தது. கடைசியில் அதுவும் பாறைதான் என்றது.

ஓலை:
கண்டத்திட்டு! கண்டபடி திட்டுவது போல இருக்கிறது என்று இருபது வருடமாகச் சொல்லி வருகிறேன், கேட்பாரில்லை. அப்புறம், தீவு என்பதும் த்வீபத்தின் திரிபு. நம்மிடம் துருத்தி இருக்கிறது, அரங்கம் இருக்கிறது, ஆற்றிடைக்குறை இருக்கிறது.

வகுப்பறை:
ஐயா, அவை எல்லாம் ஆற்றுக்குள் இருப்பவை. இந்தப் பாடமோ கடல்தீவு. ஆற்றுத் தீவுகளுக்கு அடுத்த பாடத்தில் ஆற்றிடைக்குறையையே போடுகிறேன், சத்தியமாக. இப்போது ஒரு முடிவு சொல்லுங்கள்.

நிலத்தடி:
மாணவர்கள் இயற்பியலில் குவிவில்லை படித்திருந்தால் வில்லை புரியும். லென்சு என்று படித்தவர்களுக்கு ஒரு வரி விளக்கம் போதும். மிதநன்னீரைத் திரும்பப் பெறுகிறேன்.

வகுப்பறை:
நன்றி. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் வில்லைக்கு நான்கு பேர், மிதவைக்கு இரண்டு, பருப்புக்கு யாரும் இல்லை. ‘நன்னீர் வில்லை’ என்றே அனுப்பிவிட்டேன். முதலில் வரும் இடத்தில் ‘உப்புநீர் மேல் மிதக்கும் மழைநீர்த் திரள்’ என்று சேர்த்திருக்கிறேன்.

சட்டப்பை:
விளக்கமே சொல்லைவிட நன்றாக இருக்கிறது. என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஓலை:
ஆற்றுநீர், ஊற்றுநீர், மழைநீர் மூன்றும் கூடுவதால் கடல் முந்நீர் ஆயிற்று என்பார்கள். பவளத்தீவில் ஆறும் கிடையாது, ஊற்றும் அந்த மழைதான். அப்படியானால் இதை ‘ஒருநீர்’ எனலாமே? தனி இழை தொடங்குகிறேன்.