ஆடு குதிரை வாலைத் தின்கிறது, அவசரம், யாராவது சொல்லுங்கள்

தேரிக்காட்டான்:
எல்லாருக்கும் வணக்கம். திசையன்விளை பக்கம். வீட்டில் ஒரு மட்டக்குதிரையும் ஆறு ஆடும் ஒரே கொட்டகையில் கிடக்கின்றன. ஆடுகள் குதிரையின் வாலைத் தின்றுவிட்டன. தரையைத் தொடுகிற மாதிரி தொங்கிய வால் இப்போது தேய்ந்த விளக்குமாறு மாதிரி இருக்கிறது. வேப்பெண்ணெய் தடவினேன், மிளகாய்த்தூள் கரைத்துத் தடவினேன், ஒன்றும் கேட்கவில்லை. ஆட்டை விற்றுத் தொலை என்று அப்பா ஒற்றைக்காலில் நிற்கிறார். வாலில் எதைத் தடவினால் ஆடு வாய் வைக்காது? சீக்கிரம் சொல்லுங்கள், செவ்வாய்க்கிழமை சந்தை.

சந்தைக்கிளி:
என்ன ஆடு அண்ணாச்சி? கன்னி இனமா கொடி இனமா? எத்தனை பல்லு? விலை ஒத்துவந்தால் நானே வீட்டுக்கு வந்து பிடித்துக்கொள்கிறேன், மேலப்பாளையம் வரைக்கும் வண்டி வாடகை மிச்சம்.

வள்ளியூர்ப் பட்டி:
தம்பி, ஆடு முடியைத் தின்றால் அதற்கு உப்புப் பற்றவில்லை என்று அர்த்தம். நான் 40 கன்னி ஆடு வைத்திருக்கிறேன், அனுபவத்தில் சொல்கிறேன். கொட்டகையில் தாது உப்புக்கட்டி ஒன்று தொங்கவிடுங்கள். செம்மறிக்கென்று தாமிரம் இல்லாமல் செய்த கட்டியாக இருக்கக் கூடாது. செம்மறிக்குத்தான் தாமிரம் ஆகாது, வெள்ளாட்டுக்கு அது வேண்டும். குதிரையும் அதே கட்டியை நக்கலாம், ஒன்றும் ஆகாது. பத்து நாளில் வாலை விட்டுவிடும்.

மானூர் அக்கா:
பதில் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் விவரம் வேண்டும். குதிரைக்கு என்ன வயது, எப்போது வாங்கினீர்கள்? முடி போனது வாலில் மட்டுமா, பிடரியிலும் போயிருக்கிறதா? மரத்திலோ சுவரிலோ போய் உரசுகிறதா? என்ன தீவனம்? ஆடு கடித்ததை யாராவது கண்ணால் பார்த்தீர்களா, இல்லை பக்கத்தில் நிற்கிறதே என்று பழி போடுகிறீர்களா?

குளம்படி:
வருடா வருடம் இதே கதை. ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குப் போவார்கள், அழகாக இருக்கிறதே என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு வருவார்கள், கார்த்திகையில் வந்து அழுவார்கள். குதிரை என்பது கொம்பில்லாத மாடு இல்லை. இந்தப் பகுதியில் நான் ஏற்கெனவே எட்டுத் தடவையாவது எழுதியிருக்கிறேன். பழையதைத் தேடிப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

சந்தைக்கிளி:
அண்ணாச்சி வந்துட்டார். இனி மழைதான்.

கொம்பன்77:
இது ஊசிப்புழு. சந்தேகமே வேண்டாம். ஆசனவாயில் முட்டை போடும், அரிப்புத் தாங்காமல் குதிரை வாலைச் சுவரில் தேய்க்கும், முடி போகும். ஆட்டுப்புழுதான் குதிரைக்கு ஒட்டியிருக்கும், அதனால்தான் இரண்டையும் சேர்த்துக் கட்டக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். குடற்புழு மருந்து கொடுங்கள். அதோடு கோழித் தீவனம் தினம் ஒரு கை கலந்து போடுங்கள், முடி பளபளவென்று வரும்.

நாலாம்ஆண்டு:
கோழித் தீவனம் வேண்டவே வேண்டாம்! கால்நடை மருத்துவம் படிக்கிறேன், இதை மட்டும் தயவுசெய்து கேளுங்கள். கோழிக்கு ரத்தக்கழிச்சல் வராமல் இருக்க மோனென்சின், சாலினோமைசின் மாதிரி மருந்துகளைத் தீவனத்திலேயே கலந்திருப்பார்கள். சில ஆட்டுத் தீவனத்திலும் இருக்கும். கோழியும் ஆடும் தங்கள் தீவனத்தில் இருக்கும் அளவைத் தாங்கும். குதிரைக்கு அது இதயத் தசையையே அழித்துவிடும், மாற்று மருந்து கிடையாது. ஆட்டுக்கு அடர்தீவனம் வைக்கிறீர்கள் என்றால் மூட்டையில் தைத்திருக்கும் சீட்டைப் படித்துவிட்டு, குதிரை வாய் எட்டாத இடத்தில் வையுங்கள்.

இன்னொன்று, ஊசிப்புழு குதிரைக்கே உரிய புழு. ஆட்டிலிருந்து வராது.

வள்ளியூர்ப் பட்டி:
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ஆட்டுப்புழு குதிரை வயிற்றுக்குள் போனால் பெரும்பாலும் செத்துப்போகும், குதிரைப்புழு ஆட்டுக்குள் போனாலும் அப்படித்தான். இரண்டையும் ஒரே காட்டில் மாற்றி மாற்றி மேய்த்தால் புழு குறையும். பெரியவர்கள் எங்கே அப்படிச் சொன்னார்கள்?

நாலாம்ஆண்டு:
ஒரே ஒரு இரைப்பைப்புழு இரண்டுக்கும் பொது. மற்றபடி நீங்கள் சொல்வது சரிதான் மாமா.

கொம்பன்77:
எங்கள் தாத்தா சொன்னார். அவர் குதிரை வண்டி ஓட்டியவர்.

தேரிக்காட்டான்:
எல்லாருக்கும் நன்றி. அந்தியூரில்தான் வாங்கினோம், இந்த ஆடிக்கு. பெண் குதிரை, 5 வயது என்றார்கள். மினியேச்சர் குதிரை. ஆடு வாலைக் கடித்து இழுத்ததைத் தம்பி ஒரு நாள் பார்த்திருக்கிறான். தீவனம் வழக்கமானதுதான். வேலைக்குக் கிளம்பிவிட்டேன், ராத்திரி வருகிறேன்.

மானூர் அக்கா:
வழக்கமானது என்றால் யாருடைய வழக்கம் தம்பி? என் வீட்டு வழக்கமா, உங்கள் வீட்டு வழக்கமா?

குளம்படி:
மினியேச்சர் என்றால் என்ன உயரம்? தரையிலிருந்து தோள்மேடு வரை நாடா பிடித்து அளந்தீர்களா? அமெரிக்கக் குதிரைப் பதிவேடுகளில் 38 அங்குலத்துக்கு மேல் போனால் அது மினியேச்சரே இல்லை. நம் ஊரில் 45 அங்குலக் குதிரையை நிறுத்தி மினியேச்சர் என்று விற்கிறான், இவர்களும் வாங்குகிறார்கள். மட்டக்குதிரை என்று அழகான தமிழ்ப் பெயர் இருக்கும்போது இந்த மோகம் எதற்கு?

கொம்பன்77:
மட்டக்குதிரை என்றால் போனி. போனியும் மினியேச்சரும் ஒன்றுதானே?

குளம்படி:
இல்லை. ஒரு கை என்பது 4 அங்குலம். 14 கை 2 அங்குலம், அதாவது 58 அங்குலம் வரைக்கும் எல்லாம் போனி. அதற்குள் மினியேச்சர் தனி. தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள்.

கொம்பன்77:
தாத்தா இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது.

குளம்படி:
மன்னிக்கவும். ஆனாலும் 58 அங்குலம்தான்.

(இந்த உயரப் பஞ்சாயத்து இன்னும் பதினான்கு பதில்களுக்கு நீண்டது. நாடாவா குச்சியா, லாடத்தோடா லாடம் இல்லாமலா என்றெல்லாம் போய், கடைசியில் ஒருவர் சேர்வராயன் மலையில் பார்த்த ஏதோ ஒரு குதிரையின் படத்தைப் போட்ட பிறகுதான் அடங்கியது.)

தேரிக்காட்டான்:
வந்துவிட்டேன். அக்கா கேட்டதற்குப் பதில். பிடரியிலும் முடி போயிருக்கிறது, நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு வழுக்கை. அது கயிறு உரசி வந்தது என்று நினைத்திருந்தோம். மரத்தில் உரசுவதாகப் பார்க்கவில்லை. காலையில் தவிடு, வைக்கோல். அப்புறம் ஆட்டுக்கு வெட்டிப் போடும் குழைதான் அதற்கும்.

மானூர் அக்கா:
ஆடு பிடரியில் ஏறி நின்று தின்றதா? என்ன குழை?

தேரிக்காட்டான்:
சவுண்டல். தோட்டத்து வேலி முழுக்க அதுதான். ஐப்பசி மழைக்கு நன்றாகத் துளிர்த்திருக்கிறது. உடைமரத் தழை, வேம்பு எல்லாம் ஆடு தின்னும், குதிரை மட்டும் சவுண்டலைத்தான் முதலில் தேடும். அவ்வளவு பிரியம்.

மானூர் அக்கா:
தம்பி, இப்போதே கொட்டகைக்குப் போங்கள், டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். பின்காலுக்கு நேரே நிற்காதீர்கள், பக்கவாட்டில் நில்லுங்கள். வாலில் பத்து முடியை விரலில் சுற்றி மெதுவாக இழுங்கள். வந்தால் வேர்ப்பக்கத்தைப் பாருங்கள். மீதி இருக்கும் முடியின் நுனியையும் பாருங்கள். ஆடு கடித்ததென்றால் மொட்டை அரிவாளால் அறுத்த மாதிரி பிய்ந்திருக்கும். கடைசியாகக் குளம்பு. முடி முடிந்து குளம்பு தொடங்கும் இடத்தில் கையை வைத்துத் தடவிச் சொல்லுங்கள்.

தேரிக்காட்டான்:
பார்த்தேன் அக்கா. இழுக்கவே வேண்டியதில்லை, கையோடு வந்துவிட்டது, குதிரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேரில் கடுகைவிடச் சின்னதாக வெள்ளைக் குமிழ் இருக்கிறது. நுனியில் பிய்ந்தது கொஞ்சம்தான், மற்றதெல்லாம் முழு நீளம். குளம்பின் மேல்பக்கம் வளையம் வளையமாக மூன்று வரி, பனைமரத்துத் தூர் மாதிரி. முன்பு இப்படி இல்லை. என்ன அது?

நாலாம்ஆண்டு:
சவுண்டல்தான் என்று தோன்றுகிறது அண்ணா. சூபாபுல் என்று சொல்வதும் அதுவே. அதில் மைமோசின் என்று ஒரு பொருள் இருக்கிறது, இளந்துளிரிலும் விதையிலும் நிறைய. முடி முளைக்கும் வேரையே அது நிறுத்திவிடும். குதிரைக்குப் பிடரியும் வாலும்தான் முதலில் கொட்டும், குளம்பும் முடியும் ஒரே சரக்கால் ஆனவை என்பதால் குளம்பில் வரி விழும். நாளையிலிருந்து ஒரு கொத்துக்கூடப் போடாதீர்கள். அதே அறிகுறி செலினியம் என்ற தாது அதிகமானாலும் வரும், அதனால் கேட்கிறேன்: சமீபத்தில் செலினியம் சேர்ந்த ஊசியோ டானிக்கோ கொடுத்தீர்களா?

தேரிக்காட்டான்:
இல்லை. ஊசியே போடவில்லை.

வள்ளியூர்ப் பட்டி:
இதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பத்து வருடமாக என் ஆடு சவுண்டல்தான் தின்கிறது. ஒரு முடி கொட்டவில்லை. குட்டி ஈனுகிறது, பால் கறக்கிறது. நல்ல குழையை விஷம் என்று கிளப்பிவிட்டால் நாளைக்கு ஊரெல்லாம் வெட்டிப்போடுவான்.

நாலாம்ஆண்டு:
ஆட்டுக்கு விஷம் என்று நான் சொல்லவில்லை மாமா. ஆட்டுக்கு அசைபோடும் வயிறு, அதில் மைமோசினைச் சிதைக்கும் நுண்ணுயிர் இருக்கிறது. குதிரைக்கு ஒற்றை வயிறு. ஆட்டுக்குமே மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

குளம்படி:
அந்த நுண்ணுயிரும் எல்லா ஊர் ஆட்டு வயிற்றிலும் பிறவியிலேயே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் மாடுகள் சவுண்டல் தின்று நொந்துபோயின. ஹவாய்த் தீவில் ஆடுகள் அதையே தின்று நன்றாக இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற அறிவியலாளர் ஹவாய் ஆட்டு வயிற்று நுண்ணுயிரைக் கொண்டுபோய் ஆஸ்திரேலிய மாடுகளுக்குக் கொடுத்தார், சரியாகிவிட்டது. 1992இல் அந்தப் பாக்டீரியாவுக்கு சினர்ஜிஸ்டஸ் ஜோன்சியை என்று அவர் பெயரையே வைத்தார்கள். இதெல்லாம் இங்கே யாருக்கும் தெரியாது.

மானூர் அக்கா:
தெரிந்த நீங்கள் முதல் பதிலிலேயே "என்ன குழை" என்று கேட்டிருக்கலாமே அண்ணாச்சி. 58 அங்குலம்தானே கேட்டீர்கள்.

சந்தைக்கிளி:
அக்கா லாடம் அடித்துவிட்டார்.

கொம்பன்77:
அப்போ வேலிமசாலும் குதிரைக்கு ஆகாதா? இலை அதே மாதிரிதானே இருக்கும்?

வள்ளியூர்ப் பட்டி:
வேலிமசால் வேறு, சவுண்டல் வேறு. வேலிமசால் இடுப்பளவுச் செடி, சவுண்டல் மரம். இலையைப் பார்த்துக் குழம்பக் கூடாது, அதில் இந்தத் தொந்தரவு கிடையாது. சரி, குதிரைக்கு மட்டும் என்றால் ஒத்துக்கொள்கிறேன். என் ஆட்டைப் பற்றி யாரும் பேச வேண்டாம்.

குளம்படி:
தவிட்டையும் குறையுங்கள். அதில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்துக் குறைவு. தவிட்டையே நம்பி வளர்த்தால் எலும்பிலிருந்து சுண்ணாம்பு இறங்கிக் குதிரைக்கு முகம் வீங்கும். மட்டக்குதிரைக்கு நல்ல புல்லும் தண்ணீரும் உப்பும் போதும். பாவம் என்று அரிசிச்சோறு, கம்பு என்று அள்ளிப்போட்டால் குளம்புக்குள் வீக்கம் வரும்.

மானூர் அக்கா:
இது உருப்படியான பதில். தம்பி, முன்கால் குளம்பு சுடுகிறதா, எடையைப் பின்காலில் சாய்த்து நிற்கிறதா, நடக்கத் தயங்குகிறதா என்று காலையிலும் மாலையிலும் பாருங்கள். அப்படி இருந்தால் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, இல்லையென்றால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்கு அடியுங்கள்.

ஆட்டை விற்க வேண்டாம். ஏற்கெனவே வேரில் பிடி விட்டுப்போன முடி, ஆடு வாய் வைத்தால் கொத்தாக வந்திருக்கும், உங்கள் தம்பி பார்த்தது அதுதான். கொட்டகைக்கு நடுவே இரண்டு கம்பு கட்டி, ஆடு மட்டும் குனிந்து நுழைகிற உயரத்தில் வழி விடுங்கள். ஆட்டுக்கு அந்தப் பக்கம் குழை, குதிரைக்கு இந்தப் பக்கம் புல். குட்டி ஈனும் சமயத்தில் மட்டும் தாய் ஆட்டைத் தனியாகக் கட்டுங்கள், சில குதிரை குட்டியைக் கவ்வித் தூக்கிவிடும்.

நாலாம்ஆண்டு:
அண்ணா, செய்தீர்களா?

மானூர் அக்கா:
தேரிக்காட்டான் தம்பி, இருக்கிறீர்களா? குதிரை எப்படி இருக்கிறது?

கொம்பன்77:
ஊசிப்புழுவுக்கும் ஒருதரம் மருந்து கொடுத்திருந்தால் நல்லது. சும்மா சொல்கிறேன்.

தேரிக்காட்டான்:
மன்னிக்கவும், ஆறு வாரம் ஆகிவிட்டது. சவுண்டலை அன்றைக்கே நிறுத்திவிட்டேன். முடி கொட்டுவது நின்றுவிட்டது. பிடரியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு முடி குத்திட்டு நிற்கிறது. மருத்துவர் வந்து குளம்பு பார்த்தார், சூடில்லை, நன்றாக நடக்கிறது. வால் பழையபடி ஆக இரண்டு வருடமாவது ஆகும் என்றார்.

ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை நான் எழுந்திருப்பதற்குள் அப்பா ஆறு ஆட்டையும் வண்டியில் ஏற்றிவிட்டார். அன்றிலிருந்து குதிரை தனியாக நின்று ராத்திரியெல்லாம் கனைக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தடவை வந்துவிட்டார். அப்பாவே சொல்லிவிட்டார், இரண்டு பெட்டை ஆடு பார். யாரிடமாவது இருக்கிறதா?

சந்தைக்கிளி:
கன்னியா கொடியா என்று நான் முதல் நாளே கேட்டேன் அண்ணாச்சி. இன்னும் பதில் வரவில்லை.