கொட்டேஷன் விலைக்கு இப்போது மறுக்கிறார்கள், உதவுங்கள்

வணக்கம். வீட்டு ஜன்னல்களை மாற்ற ஒரு நிறுவனத்திடம் கொட்டேஷன் வாங்கினோம். 30 நாள் செல்லும் என்று அதிலேயே எழுதியிருந்தது. 10-ஆம் நாளே சம்மதம் சொல்லி மெயில் அனுப்பி, அட்வான்ஸ் கட்டி ரசீதும் வாங்கிவிட்டேன். இப்போது போனில், "கணக்கில் தப்பு, கூடுதலாகக் கொடுத்தால்தான் வேலை" என்கிறார்கள். ஒரு சைபர் விட்டுப்போன மாதிரி பளிச்சென்று தெரிகிற பிழையும் இல்லை. மற்ற இருவர் சொன்ன விலையும் ஏறத்தாழ அதுதான். உத்தேச மதிப்பீடு என்று எங்குமே போடவில்லை. எழுதிக் கொடுத்ததை நாம் ஏற்றுக்கொண்டால் அது ஒப்பந்தம்தானே?

பணத்தைத் திரும்ப வாங்கிவிடு என்கிறார் அப்பா. எனக்கு மனசு ஒப்பவில்லை. பழைய விலைக்கே வேலையை முடிக்க வைத்தவர்கள் இருக்கிறீர்களா? நோட்டீஸில் என்ன எழுதினீர்கள்? வேறு ஆளிடம் செய்துகொண்டு, கூடுதலாகும் தொகையை நஷ்டஈடாகக் கேட்டவர்கள் உண்டா?